சாலை காக்கும் கருவிக் கண்

நம் கல்லூரியின் பெருவாயில் நெடுஞ்சாலையை நோக்கி அமைந்துள்ளது. காலையில் மணி ஒன்பதரை ஆகுங்கால் மாணவரும் ஆசிரியரும் அச்சாலையைக் கடந்தே உள்ளே வருகின்றனர். வாயிலின் இருபுறமும் ‘மெதுவாகச் செல்க’ என்னும் பலகைகள் நிற்கின்றன. வேக வரம்பும் அவற்றில் எழுதப்பட்டுள்ளது. அப்பலகைகளைப் படிப்பார் பலர். அவற்றுக்குப் பணிவார் சிலரே. சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில் ஒரு நாள் மாலை, எம்முடன் விடுதியில் உறையும் முதலாண்டு மாணவர் ஒருவர், அஞ்சலகம் சென்று திரும்புகையில் விரைந்து வந்த காரொன்றால் தாக்குண்டு வீழ்ந்தார். கார் நிற்கவில்லை. அதன் எண்ணைக் குறித்துக்கொண்டவர் எவருமிலர். சாலையோரத்தில் உடைந்து கிடந்த பக்கக் கண்ணாடி ஒன்றே சான்றாக எஞ்சியது. உயிர் பிழைத்தாரெனினும், அம்மாணவர் ஓர் ஆண்டுப் படிப்பை இழந்தார். இன்றும் ஊன்றுகோலின் துணைகொண்டே நூலகப் படிகளில் ஏறுகின்றார்.

அந்நாள் முதல் எம் உள்ளத்தில் ஒரு வினா எழுந்து நின்றது. சட்டம் இருக்கின்றது, வேக வரம்பும் இருக்கின்றது, காவலரும் இருக்கின்றனர். இவையனைத்தும் இருந்தும் ஒருவன் வரம்பு கடந்து ஓடி, ஓர் உயிரை வீழ்த்திவிட்டு, எவர் கண்ணிலும் படாமல் மறைய முடிகின்றதெனின், குறை எங்கே உளது? இவ்வினாவுக்கு விடை தேடுகையில்தான், உலகின் பல நாடுகளிலும் இப்போது நம் நாட்டிலும் சாலையோரங்களில் நிறுத்தப்பட்டுவரும் தானியங்கிக் காமிராக்களைப் பற்றிப் படிக்கத் தலைப்பட்டோம். அறிந்தவற்றுள் சிலவற்றை நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் கேட்டின் அளவை நோக்குவோம். 2022-ஆம் ஆண்டில் இந்திய நாட்டுச் சாலைகளில் நேர்ந்த விபத்துக்கள் 4,61,312 என்றும், அவற்றில் மாண்டோர் 1,68,491 பேர் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. ஒரு நாளுக்கு 460 பேர் என்று கணக்கிட்டால் இதன் கொடுமை விளங்கும். ஒரு பெரும் புயலோ கொள்ளைநோயோ ஒரே நாளில் இத்தனை பேரைக் கொண்டுசென்றால் நாடே கலங்கும். நாள்தோறும் சிதறிச் சிதறி நிகழ்தலின் நாம் கலங்குவதில்லை. அவ்வாண்டில் விபத்துக்களின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடே முதலிடம் பெற்றது; ஈங்கு நேர்ந்தவை 64,105. மாண்டோர் எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்திற்கு அடுத்த நிலையில் நின்றது. நாடு முழுவதும் மாண்டோருள் நூற்றுக்கு எழுபதின்மருக்கு மேல் மிகுவேகத்தாலேயே மாண்டனர் என அவ்வறிக்கையே பகுத்துக் காட்டுகின்றது. எனவே, சாலைக் கொலைகளுள் தலையாய குற்றவாளி வேகமே என்பது தெளிவு.

வேகம் கொல்வது எங்ஙனம்? மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்வதற்கும் 80 கிலோமீட்டரில் செல்வதற்கும் பெரிய வேறுபாடு யாதுளது என்று பலர் எண்ணுகின்றனர். கணக்கு வேறு விதமாகச் சொல்கின்றது. ஓடும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி வளர்வது. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் ஆற்றல் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். இதனை ஒரு காட்சியாகக் காண்போம். இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. ஒன்றன் வேகம் 60, மற்றதன் வேகம் 80. சிறிது தொலைவில் ஒரு சிறுவன் சாலையில் இறங்குகின்றான். இரு ஓட்டுநரும் அவனை ஒரே கணத்தில் காண்கின்றனர். கண்டு, உணர்ந்து, காலைத் தடைக்கட்டையில் வைக்க ஒரு நொடி ஆகின்றது. அந்நொடிக்குள் முதற்கார் ஏறத்தாழ 17 மீட்டரும், இரண்டாவது கார் 22 மீட்டரும் ஓடிவிடும். பின்னர்த் தடை பற்றுகின்றது. உலர்ந்த சாலையில், நல்ல தடையுடைய முதற்கார் மேலும் 20 மீட்டர் சென்று, கண்ட இடத்திலிருந்து 37 மீட்டர் அளவில் நின்றுவிடும். அதே இடத்தை அடையும்போது இரண்டாவது காரின் வேகம் யாது? அஃது அப்போதும் மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் சென்றுகொண்டிருக்கும்! அதாவது, ஒருவன் நின்றுவிட்ட இடத்தில் மற்றவன் அந்தச் சிறுவனைக் கொல்லும் வேகத்தில் மோதுகின்றான். யாம் இக்கணக்கை முதன்முறை போட்டபோது, பிழையோ என்று ஐயுற்று மீண்டும் போட்டுப் பார்த்தோம், விடை மாறவில்லை. சாலையில் ஓடும் வண்டிகளின் சராசரி வேகம் நூற்றில் ஒரு பங்கு கூடினால், உயிர் போக்கும் விபத்துக்கள் நூற்றில் நான்கு பங்கு கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதும் இதனோடு ஒத்ததே.

இனி, வேகத்தை அளக்கும் கருவியின் வரலாற்றைச் சிறிது காண்போம். இஃது ஒரு வேடிக்கையான வரலாறு. ஜாவாத் தீவில் பிறந்த டச்சுக்காரராகிய மோரிஸ் காட்ஸோனிடஸ் என்பார் கார்ப் பந்தய வீரர். 1953-இல் மான்டி கார்லோ பந்தயத்தில் முதலிடம் பெற்றவர். வளைவுகளில் தாம் எவ்வளவு வேகத்தில் திரும்புகின்றோம் என்று துல்லியமாக அறிந்தால், இன்னும் வேகமாகச் செல்லலாம் என்று கருதி அவர் ஒரு கருவியை இயற்றினார். சாலையின் குறுக்கே இரண்டு ரப்பர்க் குழாய்களைக் கிடத்துவர். சக்கரம் முதற்குழாயை மிதித்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதை மிதித்ததும் நின்றுவிடும். இடைவெளித் தொலைவைக் காலத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். 1958-இல் அவர் ஒரு கம்பெனியைத் தொடங்கினார். மேலும் விரைந்து செல்லும்பொருட்டுப் பிறந்த கருவி, விரைவோரைப் பிடிக்கும் கருவியாகி, உலகெங்கும் போலீஸாரின் கையில் சேர்ந்தது. இங்கிலாந்தில் இன்றளவும் இத்தகைய காமிராவை அவர் பெயரைச் சுருக்கிக் ‘காட்ஸோ’ என்றே மக்கள் வழங்குகின்றனர்.

இக்காலக் கருவிகள் பல வகையின. ரேடார்க் கருவி வண்டியை நோக்கி வானொலி அலைகளை அனுப்புகின்றது. அவை வண்டியிற் பட்டுத் திரும்புங்கால் அவற்றின் அதிர்வெண் மாறுபடும். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதலொலி உயர்ந்தும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் கேட்பதை அனைவரும் அறிவோம். அதே இயற்கை விதியே ஈங்கும் பயன்படுகின்றது. மாறுபாட்டின் அளவைக் கொண்டு வேகத்தைக் கணிப்பர். லேசர்க் கருவி ஒளித்துடிப்புக்களை அடுத்தடுத்து அனுப்பி, அவை திரும்பிவரும் காலம் எங்ஙனம் குறைகின்றது என்று பார்த்து வேகத்தை அறிகின்றது. சில இடங்களில் சாலையினுள்ளேயே கம்பிச் சுருள்கள் புதைக்கப்பட்டுள்ளன. வண்டியின் இரும்பு மேலே செல்லுங்கால் சுருளின் மின்னிலை மாறுகின்றது. இவற்றுள் எதுவாயினும், வரம்பு மீறப்பட்டது என்று கருவி கண்டவுடன் காமிரா படம் எடுத்துவிடும். நாள், மணி, இடம், வேகம் யாவும் படத்தின் மேலேயே பதிவாகும். பின்னர்க் கணினி எண்பலகையை எழுத்தெழுத்தாகப் படித்து, வண்டியின் உரிமையாளர் யாவர் எனப் பதிவேட்டில் தேடுகின்றது.

காமிராவைக் கண்ட இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்து, கடந்தவுடன் மீண்டும் பறப்போரை என் செய்வது? இதற்கெனவே சராசரி வேகக் காமிரா என்னும் முறை தோன்றியது. ஒரு காமிரா சாலையின் ஓரிடத்திலும், மற்றொன்று பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலும் நிற்கும். வரம்பு 80 எனின், பத்துக் கிலோமீட்டரைக் கடக்க ஏழரை நிமிடமாவது ஆதல் வேண்டும். ஆறே நிமிடத்தில் ஒரு வண்டி இரண்டாவது காமிராவின் முன் தோன்றுமாயின், அதன் சராசரி வேகம் 100 என்பதற்கு வேறு சான்று வேண்டா. இம்முறையில் காமிராவின் முன் மட்டும் நல்லவன்போல் நடித்தல் செல்லாது. நாற்சந்திகளில் சிவப்பு விளக்கை மீறுவோரைப் பிடிக்கும் காமிரா வேறு; அது விளக்கோடு இணைக்கப்பட்டு, சிவப்பு தோன்றியபின் நிறுத்தக்கோட்டைத் தாண்டும் வண்டியைப் படம் எடுக்கும். தலைக்கவசம் அணியாதவரையும், இருக்கைப் பட்டை பூணாதவரையும் படத்தைக் கொண்டே கண்டறியும் செயற்கை அறிவுக் காமிராக்கள் அண்மையில் வந்தவை.

இக்கருவிகளால் உண்மையில் உயிர்கள் காக்கப்படுகின்றனவா? இதற்குப் பிரெஞ்சு நாட்டின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும். அந்நாட்டில் சாலை மரணங்கள் உச்சத்தை எட்டிய ஆண்டு 1972. அவ்வாண்டுக் கணக்கின்படி மாண்டோர் 16,000-க்கு மேற்பட்டோர். இவ்வெண் மக்கள் மனத்தில் உறைக்கவில்லை. 1973-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஏறத்தாழ அதே எண்ணிக்கை மக்களையுடைய மஸாமே என்னும் சிற்றூரில் ஒரு வியத்தகு காட்சி நிகழ்ந்தது. ஊரார் தம் வீடுகளையும் கடைகளையும் விட்டு வெளியே வந்து, தெருக்களில் பிணம்போற் படுத்தனர். இறந்துபோன ஓர் ஊரைப் படம்பிடித்துத் தொலைக்காட்சியில் காட்டினர். ஓர் ஆண்டில் சாலை விழுங்குவது இத்துணைப் பெரிய ஊர் என்பதை நாடு அன்று கண்ணாற் கண்டது. அதே ஆண்டில் வேக வரம்பும், நகருக்கு வெளியே முன்னிருக்கைப் பட்டையும் சட்டமாயின. மரணங்கள் குறையத் தொடங்கின.

ஆயினும் 2002-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சாலைகளில் 7,600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் குடியரசுத் தலைவர் ஷிராக், சாலைப் பாதுகாப்பைத் தம் ஆட்சியின் பெருங்கடமைகளுள் ஒன்றாக அறிவித்தார். 2003-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள், பாரிஸுக்குத் தெற்கேயுள்ள நெடுஞ்சாலை ஒன்றில் முதல் தானியங்கி ரேடார்க் காமிரா திறந்துவைக்கப்பட்டது. படங்கள் யாவும் ரென் நகரிலுள்ள ஒரே நிலையத்திற்குச் சென்று, அங்கிருந்தே அறிவிப்புக்கள் அனுப்பப்பட்டன. இதனால் உள்ளூர்ச் செல்வரும் செல்வாக்குடையோரும் தமக்குத் தெரிந்த அதிகாரியிடம் சொல்லி அபராதச் சீட்டைக் கிழித்தெறியச் செய்யும் வழக்கம் வேரற்றது. 2010-இல் மாண்டோர் தொகை நான்காயிரத்திற்குக் கீழ் இறங்கியது. 2019-இல் அது 3,244. காமிரா ஒன்றே இதனைச் செய்தது என்று கூறின் அது மிகையாகும். வண்டிகள் திருந்தின, சாலைகள் திருந்தின, மதுவுக்கு எதிரான சட்டங்கள் இறுகின. எனினும், காமிரா வருமுன்னரே அது வரப்போகின்றது என்ற அறிவிப்பினாலேயே ஓட்டுநரின் வேகம் தணியத் தொடங்கிற்று என்பதை ஆய்வாளர் பலர் எடுத்துரைக்கின்றனர்.

பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2010-இல் காக்ரேன் நிறுவனத்தார் வெளியிட்ட மதிப்பீடொன்று உண்டு. அதில் ஆராயப்பட்டவை 35 ஆய்வுகள். காமிரா நின்ற இடங்களின் அண்மையில், உயிரிழப்போ பெருங்காயமோ விளைக்கும் விபத்துக்கள் நூற்றுக்கு 11 முதல் 44 வரை குறைந்தன என்று அது காட்டுகின்றது. ஈண்டு ஒரு நுட்பத்தை நாம் மறத்தல் கூடாது. விபத்து மிகுந்த இடத்திலேயே காமிராவை வைப்பர். மிகுதி என்பது சில வேளைகளில் தற்செயலாகவும் நேர்வது. அத்தகைய மிகுதி மறு ஆண்டில் தானாகவே தணியும். அத்தணிவையும் காமிராவின் கணக்கில் வரவு வைத்தல் பிழை. அம்மதிப்பீடு செய்தோரும் தாம் தொகுத்த ஆய்வுகள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல என்பதை மறைக்கவில்லை. இதனையெல்லாம் கழித்தபின்னரும், பயன் உண்டு என்னும் முடிவு நிலைத்து நிற்கின்றது.

சிவப்பு விளக்குக் காமிராவின் கதை சற்றே வேறு. அமெரிக்க நாட்டில் ஏழு பகுதிகளில் நிகழ்ந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, பக்கவாட்டில் மோதும் கொடிய விபத்துக்கள் ஏறத்தாழ நாற்கூற்றில் ஒன்று குறைந்தன என்றும், பின்னின்று மோதும் விபத்துக்கள் நூற்றுக்குப் பதினைந்து அளவு கூடின என்றும் கண்டது. அபராதத்திற்கு அஞ்சி முன்வண்டி திடீரென நிற்க, பின்வண்டி முட்டிக்கொள்கின்றது. பக்கவாட்டு மோதலே பெரிதும் உயிர் கொள்வது. ஆதலின் மொத்தத்தில் நன்மையே மிகும். எனினும், மருந்துக்கும் பக்க விளைவு உண்டென்பதை உணர்ந்து, மஞ்சள் விளக்கு போதிய நேரம் எரியுமாறு அமைத்தல் அரசின் கடன்.

நம் அண்டை நாடாகிய கேரளத்திற்கு வருவோம். அங்கே 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் 726 காமிராக்களைக் கொண்ட திட்டம் தொடங்கப்பெற்று, ஜூன் 5-ஆம் நாள் முதல் அபராதம் விதிக்கப்பட்டது. அவற்றுள் 675 காமிராக்கள் தலைக்கவசம், இருக்கைப் பட்டை முதலியவற்றைக் காணும் செயற்கை அறிவுக் காமிராக்கள். வேகத்தை அளப்பனவோ மிகச் சிலவே. ஒப்பந்தம் குறித்து எதிர்க்கட்சியினர் ஐயங்களை எழுப்பி உயர்நீதிமன்றம் வரை சென்றனர். விளைவு யாது? 2022-இல் ஏறத்தாழ 44,000 ஆக இருந்த விபத்துக்கள் 2023-இல் 48,000 ஆகக் கூடின. ஆனால் மாண்டோர் தொகையோ 4,300 அளவிலிருந்து 4,100-க்குக் கீழ் இறங்கிற்று. முதற்பார்வையில் இது முரணாகத் தோன்றும். சிந்திப்பின் முரணில்லை. தலைக்கவசம் விபத்தைத் தடுப்பதன்று. விபத்து மரணமாக மாறுவதைத் தடுப்பது. வேகத்தை அடக்குவதே விபத்தையும் தடுப்பது. எக்காமிரா எதனைக் காண்கின்றதோ அதனையே திருத்தும் என்பது கேரளம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இந்தியா முழுமைக்கும் உரிய சட்ட அடிப்படையும் இன்று உளது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 136அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் வழியே 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளியான விதிகள், ஆபத்து மிகுந்த நெடுஞ்சாலைப் பகுதிகளிலும், பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களின் முக்கியச் சந்திகளிலும் மின்னணுக் கருவிகள் நிறுவப்பட வேண்டும் எனக் கூறின. அவ்விதிகள் குடிமகனைக் காக்கும் சில நிபந்தனைகளையும் வகுத்தன. கருவி பிழையின்றி அளக்கின்றது என்னும் சான்றிதழ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். காமிரா உள்ளது என்று முன்னரே பலகை வைத்து அறிவித்தல் வேண்டும். குற்றம் நிகழ்ந்த பதினைந்து நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்படல் வேண்டும் என்பன அவை. ஒளிந்திருந்து பிடித்துப் பணம் பறித்தல் நோக்கமன்று. பிடிபடாமலே இருக்கச் செய்தலே நோக்கம் என்பதை இந்நிபந்தனைகள் காட்டுகின்றன.

இனி, எதிர்ப்போர் கூற்றுக்களையும் நடுநின்று ஆராய்தல் முறையாகும். ‘இஃது அரசு பொருள் ஈட்டும் சூழ்ச்சி’ என்பார் பலர். 2018-ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சு நாட்டில் மஞ்சட் சட்டையர் கிளர்ந்தபோது, காமிராக்களை எரித்தும் உடைத்தும் துணியால் மூடியும் தம் சினத்தைக் காட்டினர். 2019 ஜனவரியில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது காமிராக்கள் செயலிழந்தன என்று உள்துறை அமைச்சரே கூறினார். ஆட்சியின்மீது மக்களுக்கு நம்பிக்கை குன்றிய இடத்தில், உயிர் காக்கும் கருவியும் உண்டியற் பெட்டியாகவே தோன்றும் என்பதற்கு இது சான்று. இதற்கு மாற்று யாது? அபராதத் தொகை எவ்வளவு திரண்டது, அது எச்சாலையில் எந்நடைபாதைக்குச் செலவாயிற்று என்பதை ஆண்டுதோறும் வெளியிடுதலே. எந்தக் காமிராவின் வருவாய் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றதோ அதுவே தன் பணியைச் செவ்வனே செய்த காமிரா. வருவாய் குறையக் கண்டு வருந்தும் ஆட்சி, நோக்கத்தை மறந்த ஆட்சி.

‘எப்போதும் ஒரு கண் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது உரிமைக்கு இழுக்கு’ என்பது அடுத்த கூற்று. இஃது எளிதிற் தள்ளத்தக்கதன்று. வேகத்தை அளக்க வைத்த காமிரா, எவர் எங்கே எவருடன் சென்றார் என்று வேவு பார்க்கும் கருவியாக மாறலாகாது. குற்றம் செய்யாத வண்டியின் படம் அழிக்கப்படல் வேண்டும். குற்றத்திற்குரிய படமும் வழக்கு முடிந்தபின் காக்கப்படல் வேண்டா. ‘கருவி தவறினால்?’ என்பது மூன்றாவது. எண்பலகையில் சேறு படிந்திருந்தால் மூன்று எட்டாகத் தோன்றலாம். ஆகவே கணினியின் சொல்லே முடிவாகாமல், மனிதர் ஒருவர் படத்தைக் கண்டு உறுதிசெய்தலும், பிழை எனின் எளிதில் முறையிடும் வாயிலும் இன்றியமையாதன. ‘ஆயிரம் ரூபாய் செல்வனுக்குத் தூசு, கூலியாளுக்கோ ஒன்றிரண்டு நாள் உணவு’ என்பது நான்காவது. இதில் உண்மை உண்டு. ஆனால் சாலையில் நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் பெரும்பாலும் ஏழையரே என்பதும், வேகத்திற்குப் பலியாவோருள் அவரும் பலர் என்பதும் அதனினும் பெரிய உண்மை.

தமிழ் பயிலும் எமக்கு இவ்விடத்தில் திருவாரூர்த் தேரின் நினைவு வருகின்றது. அரசகுமாரன் தேரோட்டி வருங்கால் ஒரு கன்று சக்கரத்தில் அகப்பட்டு மாண்டதும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததும், மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதும் நாம் இளமை முதல் கேட்டறிந்தவை. அரசனின் நீதியையே நாம் வியந்து போற்றுகின்றோம். ஆனால் அக்கதையில் மற்றொரு செய்தியும் பொதிந்துள்ளது. அரண்மனை வாயிலில் ஒரு மணி இருந்தது. வாயில்லாப் பசுவும் இழுத்து அசைக்கக்கூடியதாக இருந்தது. அது யாவருக்கும் ஒருபடித்தாய் ஒலித்தது. மணி இல்லையேல் அந்நீதி நிகழ்ந்திராது. நம் சாலைகளில் வீழ்வோருக்கு இன்று குறையாயிருப்பது அம்மணியே. நேரிய முறையில் நிறுவப்பட்டு, நேரிய முறையில் ஆளப்படும் காமிரா அத்தகைய மணியாகலாம். அமைச்சர் மகனின் வண்டியையும் ஆலைக் கூலியின் வண்டியையும் அஃது ஒரே கண்ணால் நோக்கும்.

பிறர் குற்றத்தையே பேசி எம் குற்றத்தை மறைத்தல் நேர்மையன்று. நண்பர் அடிபட்டு இரண்டு திங்கள் கழியுமுன்னரே, பொங்கல் விடுமுறையில் எம் ஊரில், கடைத்தெரு வரைதானே என்று தலைக்கவசமின்றி இருசக்கர வண்டியில் சென்றோம். வண்டி தந்தையார் பெயரில் உள்ளது. ஆதலின் அறிவிப்பும் படமும் அவருக்கே வந்து சேர்ந்தன. யாம் தலைகவிழ்ந்து நின்றோம். தந்தையார் கடிந்துகொள்ளவில்லை. “ஆயிரம் ரூபாய் போனதற்கு நான் வருந்தவில்லை, தம்பி. நீ வெறுந்தலையோடு போவதை இந்தப் படம் வரும்வரை நான் அறியாமல் இருந்தேனே, அதற்குத்தான் வருந்துகிறேன்” என்றார். உரிமையாளர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர் என்னும்போது அபராதம் யாரைச் சாரும் என்று சட்ட நூலார் வாதிடுவர். எம் வீட்டில் அதற்கு விடை கிடைத்துவிட்டது. அன்று முதல் தலைக்கவசமின்றி யாம் வண்டியைத் தொட்டதில்லை.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில், ஊன்றுகோல் நண்பர் நூலகத்தில் எம் அருகே வந்து அமர்ந்தார். வேகக் கணக்கை அவருக்குக் காட்டினோம். சிறிது நேரம் அதனையே நோக்கியிருந்துவிட்டு, “அண்ணா, அந்தக் காரை ஓட்டினவர் அதற்கு முன்பும் எத்தனையோ முறை இப்படியே போயிருப்பார் அல்லவா? ஒரு முறையாவது யாராவது அவருக்கு எழுதியிருந்தால், அன்றைக்கு மெதுவாக வந்திருப்பாரோ?” என்று கேட்டார். தம்மை இடித்தவரைத் தண்டிக்க வேண்டும் என்று அவர் கூறவில்லை. முன்னரே ஒரு கடிதம் போயிருக்கலாகாதா என்பதே அவர் கேட்டது.

தானியங்கிக் காமிராவின் பயனை இதனினும் தெளிவாக உரைக்க எம்மால் இயலாது. கொன்றபின் பிடித்தலன்று அதன் பெருமை. கொல்லுமுன் எழுதி எச்சரித்தலே அதன் பெருமை. நம் கல்லூரி வாயிலின் இருபுறமும் சராசரி வேகக் காமிரா அமைக்குமாறு மாவட்ட ஆட்சியாளருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதப்பட்டுள்ளது. விடுதித் தலைவரிடம் அது கையொப்பத்திற்காக வைக்கப்பட்டிருக்கின்றது. ஆசிரியப் பெருமக்களும், மாணவ நண்பர்களும், இவ்விதழைக் காணும் பழைய மாணவர்களும் அதில் தம் பெயரை எழுதுமாறு வேண்டுகின்றோம். முதற் கையொப்பம் அவ்வூன்றுகோல் நண்பருடையது.